வெள்ளிக்கிழமை லீடர்

பள்ளிக்கூட விழா மலருக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்தாயிற்று, நான் ஒருத்திதான் பாக்கி என்று வாட்ஸ்அப் குழுவில் தினம் யாராவது என்னைக் குத்திக் காட்டுகிறீர்கள். முட்டி வலி, சர்க்கரை, மருமகள் ஊரில் இல்லை என்று நானும் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் விடுகிற மாதிரி தெரியவில்லை. சரி, எழுதுகிறேன். ஆனால் எழுதினதை அப்படியே போட வேண்டும். அங்கே இங்கே வெட்டிவிட்டுக் கடைசியில் ஒரு ரோஜாப்பூ படத்தை ஒட்டிவிடக் கூடாது.

நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஆளாளுக்கு இங்கிலீஷ் டீச்சரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். காலுறையில் கண் மூக்கு வரைந்து பொம்மையாக்கிப் பேச வைத்தாராம். வகுப்பறையை ரயில் பெட்டியாக்கி டிக்கெட் கேட்டு விளையாட வைத்தாராம். அந்த டீச்சர் இல்லாவிட்டால் டெல்லிக்காரர்களோடு பேசியே இருக்க முடியாது என்று பேங்க்கில் வேலை பார்த்தவர் எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் நீங்கள் சொல்கிற விளையாட்டில் பாதி நான் பார்க்காதது. காலுறைப் பொம்மையும் தெரியாது, ரயிலும் தெரியாது. அதே ஏழாம் வகுப்பில், அதே மூன்றாவது பெஞ்சில் இருந்தவளுக்கு ஏன் தெரியாது என்று போன வாரம்வரைக்கும் உங்களில் ஒருத்தர்கூட என்னைக் கேட்டதில்லை. எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த டீச்சர் வருவதற்கு முந்தி நமக்கு இங்கிலீஷ் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பழைய டீச்சர் பாடத்தை ஒருதரம் வாசிப்பார். தமிழில் அர்த்தம் சொல்வார். பிறகு கரும்பலகை நிறைய கேள்வி பதில். அதை நோட்டில் இறக்க வேண்டும். இங்கிலீஷ் என்றால் பலகையிலிருந்து நோட்டுக்கு இறக்குகிற லோடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் பிரசவத்துக்குப் போனார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக இந்த டீச்சர் வந்தார். மலைப் பக்கமிருந்து சாரல் அடிக்கத் தொடங்கியிருந்த நேரம். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவர், ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. கையைத் தூக்கி "ஸ்டாண்ட்" என்றார். நாம் முழித்தோம். தானே உட்கார்ந்து, தானே எழுந்து காட்டினார். அப்புறம் பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொல்லி, நடுவில் களம் மாதிரி ஆக்கிவிட்டார்.

எனக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இங்கிலீஷ் கையாலும் காலாலும் உள்ளே போகும் என்று யார் கண்டார்கள்? சுருக்குக் கயிறு போட்ட காக்கித் துணிப்பை ஒன்று வைத்திருப்பார். உள்ளே சீப்பு, மணி, மாங்கொட்டை, சிம்னி விளக்கின் திருகு என்று என்னென்னவோ இருக்கும். கண்ணை மூடிக் கையை விட்டு, தொட்டது என்ன, வழவழப்பா சொரசொரப்பா, பெரிசா சின்னதா என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒருநாள் அதில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கையை விடுவதற்கு முன்னாலேயே வகுப்பு மொத்தமும் "கார்டமம்" என்று கத்தியது. போடியில் ஏலக்காயை எந்தப் பைக்குள் ஒளிக்க முடியும்? டீச்சர் வெளியூர்க்காரர், பாவம். தோற்றுப்போனதாகக் கையைத் தூக்கிச் சிரித்தார்.

குரங்கணிக்குப் போனேன், ஒரு கூடை வாங்கினேன் என்று ஒருத்தர் தொடங்குவார். அடுத்தவர் கூடையையும் சொல்லி இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கடைசிப் பெஞ்சுக்கு வரும்போது குரங்கணிச் சந்தையே நம் வாயில் இருக்கும். இரண்டு பேரை முதுகோடு முதுகு உட்கார வைப்பார். ஒருத்தி கையில் படம். அவள் சொல்லச் சொல்ல மற்றவள் வரைய வேண்டும். நான் சொன்ன மாட்டுக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தவள் மூன்று காலோடு நிறுத்திவிட்டாள். நான்காவதை நான் சொல்லவே இல்லையாம். இதையெல்லாம் மறுக்கவில்லை. நல்ல டீச்சர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

எங்கள் வீடு உங்களில் பலருக்குத் தெரியாது. ஊர்க் கடைசியில், ஜீப்புகள் வந்து ஆள் ஏற்றுகிற முக்குக்குப் பக்கத்துத் தெரு. அப்பா அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விடிவதற்கு முன்னால் ஜீப்பு ஏறிப் போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டுக்குப் போவாள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கிற சரக்கு. நாள் முழுக்கக் குனிந்து பறிக்க வேண்டும். சாயங்காலம் ஜீப்பைவிட்டு இறங்கினால் கொஞ்ச தூரம் குனிந்த வாக்கிலேயே நடந்து, அப்புறம்தான் நிமிருவாள். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எனக்குச் சோறு போடுவாள். அவளுக்கு ஒரே வைராக்கியம். "நீ ஜீப்பு ஏறக் கூடாது. அம்புட்டுத்தேன். வேற என்ன எழவு சோலி வேணாலும் பாரு." எங்கள் தெருவிலிருந்து உங்களோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது நான் ஒருத்திதான். அதற்காக அவள் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் எத்தனை தடவை போய் நின்றாள் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது நீங்கள் எல்லாரும் எழுதியிருக்கிற லீடர் விளையாட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. ஒரு ஆள் டீச்சரின் நாற்காலிமேல் ஏறி நிற்க வேண்டும். அவர்தான் லீடர். அவர் இங்கிலீஷில் சொல்லுகிறதை மற்றவர்கள் செய்ய வேண்டும். தப்பாகச் செய்தவர் சுவரோரம் போய்விட வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கு எல்லாரும் கை தட்ட வேண்டும். நாற்காலிமேல் நிற்கிறவருக்கு ஜன்னல் வழியாக எதிர்க்கட்டட ஓட்டுக்கு மேலே மலை தெரியும். என் முறை வருவதற்குள் எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது. அதற்குள் மூக்கைத் தொடு, குதி, சுற்று, கதவைத் திற எல்லாவற்றையும் நீங்கள் காலி பண்ணிவிட்டீர்கள். புதிதாகச் சொல்லாத லீடரை டீச்சர் இறக்கிவிடுவார் என்பது விதி.

எனக்குப் புதிதாக என்ன தெரியும்? என் முறைக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், டீச்சர் குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், குனிங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன? பறிக்கு என்ன? கூடையைக் கட்டுக்கு என்ன? பேசாதேக்கு?"

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"எங்கம்மா இதத்தேன் டீச்சர் செய்யும் தெனமும்."

அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். என் உச்சரிப்பைத் திருத்தினார். குனிவதற்குச் செய்கை செய்து காட்டியபோது அவருக்குக் குனியத் தெரியவில்லை. முட்டியை மடக்காமல் குனிந்தார். நான் காட்டிக்கொடுத்தேன். இருவரும் சிரித்தோம். குழாயடியில் வேறு யாரும் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

மறுநாள் நாற்காலிமேல் ஏறினேன். "டை தி பாஸ்கெட்" என்றேன். எல்லாரும் இடுப்பில் இல்லாத கூடையைக் கட்டினீர்கள். "பெண்ட் டவுன். பிக். பிக். டோன்ட் டாக். டோன்ட் ஸ்டாண்ட். ஷோ யுவர் ஹேண்ட்ஸ்." ஒவ்வொருத்தராகக் கழன்று சுவரோரம் போனீர்கள். கடைசியில் நின்றது ஏலக்காய் ஸ்டோர்க்காரர் மகன். என்ன அழகாகப் பறித்தான்! இலையை ஒதுக்கி, தூரைத் தேடி, இரண்டு கையாலும் பறித்தான். ஸ்டோரில் பார்த்ததா, அப்பாவோடு மலைக்குப் போய்ப் பார்த்ததா தெரியாது. எல்லாரும் கை தட்டினோம். டீச்சர் என் தோளைத் தட்டி "குட்" என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தெரு நாய்க்கும் மின்கம்பத்துக்கும் நான் லீடராக இருந்துகொண்டே போனேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சாயங்காலம் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்தப் பையனும் சந்தோஷத்தில்தான் போயிருக்கிறான் என்று ஸ்டோரில் வேலை பார்த்த பெண்கள் பின்னால் சொன்னார்கள். நேரே அப்பாவின் ஸ்டோருக்குப் போயிருக்கிறான். அங்கே காய் பொறுக்குகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பச்சை ஒருபக்கம், வெடித்தது ஒருபக்கம் என்று தரம் பிரிக்கிற வேலை. அவர்கள் நடுவில் நின்று, தான் ஜெயித்ததைச் சொல்லி இடுப்பில் கூடை கட்டி, குனிந்து, பறித்துக் காட்டியிருக்கிறான். யார் லீடர் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறான்.

"அடியாத்தே! நம்ம ஜீப்புக்காரி மக மொதலாளி மயனையே பறிக்க விட்டுட்டாளா!"

ஸ்டோரே சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பு உள் அறையில் இருந்த அவன் அப்பா காதில் விழுந்தது.

பெரியவர்கள் எதை எதனோடு முடிச்சுப் போடுவார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? காய் பொறுக்குகிற பெண்கள் அந்த வாரந்தான் அவரிடம் போய், மத்தியானத்தில் கொஞ்ச நேரம் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்ள விடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவர் முடியாது என்று அனுப்பியிருந்தார். இப்போது அவர் மகனே குனிந்து நிற்கிறான், அவர்கள் சிரிக்கிறார்கள். இது விளையாட்டு இல்லை, யாரோ சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளை வைத்து நமக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். குசும்பு என்று நினைத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அவர் தொழிற்சங்க வேலை என்று நினைத்துவிட்டார். பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் சொன்னதுதான் சட்டம்.

திங்கட்கிழமை அம்மாவை எஸ்டேட்டில் பாதி வேலையிலிருந்து கீழே கூட்டி வந்தார்கள். தலைமையாசிரியர் அறை. நீங்கள் அந்த நேரத்தில் கணக்குப் பாடத்தில் இருந்தீர்கள். நாற்காலியில் ஸ்டோர்க்காரர், மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர், ஜன்னலோரம் டீச்சர். நானும் அம்மாவும் கதவோரம். அம்மா தலையில் போட்டிருந்த சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. அதற்கும் அவள் பயந்தாள்.

ஸ்டோர்க்காரர் சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"டீச்சரம்மா, நான் ஒண்ணே ஒண்ணுதேன் கேக்குறேன். குனி, பறி, பேசாத, நிமிராத, கையக் காட்டு. இதெல்லாம் ஒங்க பொஸ்தகத்துல இருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்ப நீங்க சொல்லிக் குடுத்தீகளா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இதோ சொல்லிவிடுவார், ஆமாம் நான்தான் சொல்லித் தந்தேன், அது விளையாட்டு என்று சொன்னால் முடிந்துவிடும், நாம் வகுப்புக்குப் போய்விடலாம் என்று அவ்வளவு நம்பிக்கை.

"நான் சொல்லிக் கொடுக்கலைங்க சார். அவளா எங்கேயோ கத்துக்கிட்டு வந்திருக்கா."

"கேட்டுக்கிட்டீகளா?" என்றார் அவர் தலைமையாசிரியரிடம். அப்புறம் அம்மாவிடம் திரும்பினார். "யாரு ஆத்தா சொல்லிக் குடுத்து அனுப்புனது? மேல எஸ்டேட்டுல எவனும் வந்து பேசுறானா?"

"அய்யா, எனக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது. நான் இங்கிலீசுக்கு எங்கிட்டுப் போவேன்?"

"டீச்சர்தான் கொழாயடியில..." என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா கை என் கன்னத்தில் இறங்கியது. அதற்கு முந்தி அவள் என்னை அடித்ததில்லை. "படிச்சவுக பொய் சொல்லுவாகளா? செஞ்சதுமில்லாம அவுக மேலயே பழியப் போடுறயா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கீனம் என்று சொல்லி அன்றைக்கே டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மா கடைசிவரைக்கும் டீச்சர் சொன்னதைத்தான் நம்பினாள். பெற்ற மகளை நம்பாமல் படித்தவளை நம்பினாள். படிப்பின்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

நடு வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. காய்ப் பருவம் உச்சத்தில் இருந்தது. வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக அம்மாவுக்குப் பயம். அதனால் எதற்கு வைராக்கியமாக இருந்தாளோ அதையே செய்தாள். மறுநாள் விடிவதற்கு முன் என்னையும் ஜீப்பில் ஏற்றினாள். ஆட்களை அடைத்து ஏற்றிய ஜீப்பு, வளைவுக்கு வளைவு ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்வோம். அம்மா வழி முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே மழை ஓயாது. சாக்கை மழைக்குத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, செடிக்குள் தலையை நுழைத்து உட்கார்ந்தால் பிறகு நாள் முழுக்கப் பச்சையும் சேறும்தான். சூப்பர்வைசர் கேரளாக்காரர். "வேகம் வேகம்" என்பார். சாயங்காலம் "மதி", அதாவது போதும் என்றால்தான் நிமிரலாம். முதல் நாள் கூடையைக் கட்டினேன். குனிந்தேன். பறித்தேன். பேசாதே என்றார்கள், பேசவில்லை. செய்கிற ஒவ்வொன்றுக்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியும். வாய்க்குள் சொல்லிக்கொண்டே பறித்தேன். சில நாளில் அதையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருஷம் ராசிங்காபுரத்தில் இருந்த மாமா, "புள்ளைய மலைக்குப் பலி குடுக்கப் போறியா அக்கா?" என்று அம்மாவோடு சண்டை போட்டு என்னைக் கூட்டிப்போய் அங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தார். படித்தேன். கிராமச் செவிலியர் ஆனேன். ஊர் ஊராக ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. குறை ஒன்றுமில்லை என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் டாக்டர் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் நான் ஆயுசு முழுக்கத் தமிழில்தான் பதில் சொன்னேன். புரியும். எழுதுவேன். வாயில் மட்டும் வராது. கன்னம் சுடும். உடன் வேலை பார்த்த பிள்ளைகள் இதைக் கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

டீச்சருக்கு அப்போது என்ன வயசு இருக்கும்? நம் பேத்திகளின் வயசு. தற்காலிக வேலை, தெரியாத ஊர், எதிரே நாற்காலியில் கமிட்டிக்காரர். பயந்துபோய் நாக்குப் புரண்டுவிட்டது. பயம் யாரைத்தான் விட்டது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லி, காலம் போகப் போக அவரைப் பாதி மன்னித்துக்கூட வைத்திருந்தேன். போன வாரம்வரைக்கும்.

போன வாரம் ஸ்டோர்க்காரர் மகன் போன் செய்தான். இப்போது அவன்தான் பள்ளிக்கூடத் தாளாளர். நல்ல மனுஷன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, இதைப் படிக்கும்போது அவனும் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

"ஏத்தா, டீச்சரைக் கண்டுபிடிச்சாச்சு! மக வீட்ல இருக்காகளாம். விழாவுக்குக் கார் வச்சுக் கூட்டிட்டு வர்றோம். மேடையில அந்த லீடர் வெளையாட்ட ஒருக்கா வெளையாண்டு காட்டணும். நீதேன் லீடரு. நான் அன்னைக்கி மாதிரியே குனியிறேன். என்ன, அப்பறம் ரெண்டு பேரு வந்து தூக்கி விடணும்."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

"கடசி வரைக்கும் நின்னது நாந்தேன், நெனப்பிருக்கா?"

"இருக்குப்பா. நல்லாப் பறிச்ச."

"அதுக்கப்புறம் நீ ஏன்த்தா பள்ளிக்கூடத்துப் பக்கமே தலவச்சுப் படுக்கல? நாங்க நாலஞ்சு பேரு டீச்சர்ட்டப் போயிக் கேட்டோம். ஒனக்குப் படிப்புல இஷ்டமில்ல, பறிக்கப் போறேன்னு நீயே நின்னுட்டன்னு சொன்னாக. எனக்கு அப்பவே மனசுக்கு ஒருமாதிரியா இருந்துச்சு. அம்புட்டு நல்லா இங்கிலீஷ் பேசுனயே."

நான் போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினேன். "அப்பறமாப் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

தலைமையாசிரியர் அறையில் சொன்னது பயத்தில் சொன்னது. சரி. ஆனால் வகுப்பில் வந்து உங்களிடம் இதைச் சொன்னபோது அவருக்கு யாரிடம் பயம்? அங்கே கமிட்டிக்காரர் இல்லை. நாற்காலி போட்டு யாரும் கேட்கவில்லை. நீங்கள் பிள்ளைகள். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என் அம்மா குனிந்து குனிந்து எனக்குச் சேர்த்துவைத்தது அந்த இஷ்டம் ஒன்றைத்தான். அதையும் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, காலுறையில் பொம்மை செய்து உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக, படிக்க மனசில்லாமல் மலைக்கு ஓடிப்போனவள் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள்.

விழாவுக்கு வருவேன். மேடை ஏற மாட்டேன். மாலை போடுங்கள், சால்வை போர்த்துங்கள், அவர் சொல்லித் தந்தது பொய்யில்லை. ஆனால் மலர் அச்சானதும் முதல் பிரதியை டீச்சர் கையில் கொடுத்து, இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். கண் தெரியாவிட்டால் யாராவது வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும். படிப்பில் இஷ்டமில்லாமல் நான் நிற்கவில்லை. என்னை நிறுத்தினார்கள்.